மரியா, ஜூலியன், ஒரு கறுப்புப் பானை: சான் இல்டிஃபோன்சோ குயவர் வீட்டின் கதை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் இல்டிஃபோன்சோ என்ற சிற்றூரில் செய்த கறுப்புப் பானைகள் இன்று பல பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு கையெழுத்து தெரியும். சிலவற்றில் ‘மேரி’ என்று மட்டும். சிலவற்றில் ‘மேரி + ஜூலியன்’. அப்புறம் ‘மேரி + சான்டானா’. கடைசிக் காலத்துப் பானைகளில் ‘மரியா, போபோவி’. அந்த மேரியும் மரியாவும் ஒரே ஆள்தான்: மரியா மார்த்தினெஸ். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மிக அதிகம் அறியப்பட்ட குயவர் யார் என்று கேட்டால் பலரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

நம் ஊரில் மண்பாண்டத் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘அழிந்துவரும் கலை’ என்று தொடங்கி ஒரு பெருமூச்சோடு முடித்துவிடுகிறோம். நலிந்து கிடந்த ஒரு தொழில் யார் யார் செய்த எந்தெந்தக் காரியத்தால் நிமிர்ந்தது என்று விவரமாகப் பார்ப்பது அபூர்வம். அப்படிப் பார்க்க ஏற்ற நிகழ்வு இது. தொலைந்துபோன ரகசியத்தை ஒரு மேதை கண்டுபிடித்தார் என்பதுதான் இதைப் பற்றி ஊரறிந்த கதை. அது பாதிதான். நல்ல வேலைக்குக் கிடைத்த நல்ல விலை, வீட்டுக்குள் நடந்த வேலைப் பங்கீடு, தெரிந்ததை அக்கம்பக்கத்துக்குச் சொல்லிக்கொடுத்த மனம் இவை மீதிப் பாதி. ஊருக்குச் சோறு போட்டது அந்த மீதிப் பாதிதான் என்பது என் எண்ணம்.

ஊர்

சான்டா ஃபே நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தூரத்தில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது சான் இல்டிஃபோன்சோ. அங்கே வாழ்பவர்கள் புவெப்லோ என்ற செவ்விந்தியப் பழங்குடி மக்கள். பேசுவது டேவா மொழி. நடுவில் ஒரு திறந்த மந்தைவெளி, அதைச் சுற்றிப் பச்சைமண் கல்லால் கட்டிய வீடுகள், வெளியே மக்காச்சோளமும் அவரையும் விளையும் நிலம். முதலில் ஸ்பெயின், அப்புறம் மெக்சிகோ, 1848 முதல் அமெரிக்கா என்று ஆட்சிகள் மாறினாலும் ஊர் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் நிலமும் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறிகள் கைக்குப் போயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் மொத்தமும் நூற்றுச் சொச்சம் பேர். 1918இல் வந்த விஷக் காய்ச்சல் அதிலும் பலரை வாரிக்கொண்டு போனது.

1880இல் ரயில் வந்தது. ரயிலோடு தகரப் பாத்திரமும் எனாமல் பாத்திரமும் வந்தன. தண்ணீர் சுமக்கவும் சமைக்கவும் தானியம் சேர்த்துவைக்கவும் மண்பானைதான் என்றிருந்த நிலை ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. அதே ரயிலில் சுற்றுலாப் பயணிகளும் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பெரிய பானை தேவையில்லை. பைக்குள் போகிற மாதிரி சின்னதாக, மலிவாக ஏதாவது வேண்டும். அதற்கேற்றாற்போல் அவசரத்தில் வனைந்து, அரைவேக்காட்டில் சுட்டு, சில்லறைக் காசுக்கு விற்கிற பொருளாகப் பானை சுருங்கியது. நன்றாகச் செய்யத் தெரிந்த கிழவிகள் ஊரில் இருந்தார்கள். நன்றாகச் செய்ய ஒரு காரணம்தான் இல்லாமல் போனது.

மரியா பிறந்தது இந்தக் காலத்தில். 1887 என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உறுதியான பதிவு கிடையாது. நிக்கொலாசா என்ற உறவுமுறைப் பெரியவர் பானை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். உட்காரவைத்துப் பாடம் நடத்துகிற வழக்கம் அங்கே இல்லை. பார்ப்பது, மண்ணைத் தொட்டுப் பார்ப்பது, வந்தால் வந்தது. 1904இல் ஜூலியன் மார்த்தினெஸைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அவர்களைத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள். செவ்விந்தியர்கள் எப்படி ஆடுகிறார்கள், எப்படிப் பானை செய்கிறார்கள் என்று காட்டுவதற்காக அழைத்துப்போயிருந்தார்கள். புதுமணத் தம்பதிக்கு இது என்ன மாதிரி தேனிலவு என்று நினைக்கும்போது மனது கனக்கிறது. ஆனால் மரியா தன் வாழ்நாளில் இன்னும் பல கண்காட்சிகளில் இதே மாதிரி உட்கார்ந்தார்: 1915இல் சான் டியேகோ, 1933-34இல் சிகாகோ, 1939இல் சான் ஃபிரான்சிஸ்கோ. வேலை செய்துகொண்டே வாங்குபவர்களின் கண்ணையும் ரசனையையும் படிக்கிற இடமாக அவற்றை அவர் ஆக்கிக்கொண்டார்.

தோண்டியெடுத்த ஓட்டுச்சில்லு

சான் இல்டிஃபோன்சோவுக்கு மேற்கே பஹாரிட்டோ என்ற பீடபூமி. அங்கேதான் டேவா மக்களின் முன்னோர் வாழ்ந்த குகை வீடுகளும் இடிந்த ஊர்களும் இருக்கின்றன. 1907, 1908 வாக்கில் எட்கர் ஹியூவெட் என்ற தொல்லியலாளர் அங்கே அகழாய்வு நடத்தினார். மண் வெட்டும் கூலிக்காரர்களில் ஒருவராக ஜூலியன் போனார். ஜூலியனுக்கு இயல்பாகவே வரைகிற கை. சுவரில் கீறியிருந்த உருவங்களையும் ஓடுகளில் இருந்த கோலங்களையும் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டார்.

ஹியூவெட் மரியாவிடம் பழைய ஓட்டுச்சில்லைக் காட்டி, முழுப் பானை எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒன்று செய்துதரச் சொன்னார். மரியா வனைந்தார், ஜூலியன் வரைந்தார். அவர்கள் தொழில் திசைமாறியது இந்த இடத்தில்தான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது சரிதான். ஆனால் இதையே நீட்டி, பல நூறு ஆண்டுகளாக அழிந்து கிடந்த கறுப்புப் பானையை மரியா உயிர்ப்பித்தார் என்று சொல்லும்போது ஒன்று விடுபட்டுவிடுகிறது. பக்கத்து ஊரான சான்டா கிளாராவில் பெண்கள் கறுப்புப் பானையை விடாமல் செய்துகொண்டுதான் இருந்தார்கள். புகைமூட்டிக் கறுப்பாக்கும் வித்தை அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. மரியாவும் ஜூலியனும் அந்த வித்தையைக் கையில் எடுத்து, அதுவரை யாரும் கொண்டுபோகாத நேர்த்திக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் அதில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்கள். அவர்களுடைய பெருமைக்கு இதுவே போதும், தொலைந்த ரகசியம் தேவையில்லை.

1909 முதல் சில ஆண்டுகள் இருவரும் சான்டா ஃபேயில் இருந்தார்கள். ஜூலியனுக்கு நியூ மெக்சிகோ அருங்காட்சியகத்தில் காவல், துப்புரவு வேலை. மரியா அதே கட்டடத்தின் முற்றத்தில் உட்கார்ந்து பானை செய்து விற்றார். பெருக்குகிற வேலைக்குப் போன ஜூலியன், கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த தன் முன்னோர்களின் பானைகளை நாள்தோறும் பார்த்தார். குறிப்பேட்டில் வரைந்துகொண்டார். ஓவியப் பள்ளிக்கூடம் எதற்கும் அவர் போனதில்லை. அவருக்கு அமைந்த பள்ளிக்கூடம் இந்த அருங்காட்சியகம்தான்.

அருங்காட்சியகத்தில் கென்னத் சாப்மன் என்றொருவர் இருந்தார். அவரும் அவருடைய சகாக்களும் செய்த முக்கியமான காரியம் மிக எளிமையானது: நல்ல பானைக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். கவனமாகச் செய்ததற்கு ஒரு விலை, அவசரத்தில் செய்ததற்கு ஒரு விலை. இதைத்தான் இந்த நிகழ்வின் அச்சாணி என்று நினைக்கிறேன். கைவினைஞர்களிடம் போய்த் தரத்தை உயர்த்துங்கள் என்று அறிவுரை சொல்வதற்கும், உயர்ந்த தரத்துக்குக் கையில் காசு கொடுப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. ஒரு பானைக்கு இன்னும் அரைநாள் மெருகு போட்டால் அந்த அரைநாள் கூலி திரும்பி வரும் என்று தெரிந்த பிறகு மெருகு தானாகக் கூடியது. 1922இல் சான்டா ஃபேயில் செவ்விந்தியக் கலைச் சந்தை தொடங்கியபோதும் இதே வழியில் நல்ல வேலைக்குப் பரிசு கொடுத்தார்கள்.

மண்ணிலிருந்து கறுப்பு வரை

மரியாவின் பானையில் சக்கரம் கிடையாது. நம் வேளார் வீடுகளில் சக்கரம் இல்லாமல் பானையை நினைத்துப் பார்ப்பதே கடினம். பெரும்பாலும் சக்கரத்தில் உட்காருவது ஆண்தான். அங்கே எல்லாம் தலைகீழ். மண் எடுப்பது, வனைவது, மெருகு போடுவது பெண்களின் வேலை. விறகு, சூளை, பல வீடுகளில் ஓவியம், இவற்றில் ஆண்கள் கைகொடுப்பார்கள்.

களிமண் ஊர் நிலத்திலேயே கிடைக்கும். வெட்டுவதற்கு முன் பூமித்தாய்க்குச் சோளமாவு தூவி வணங்கிவிட்டுத்தான் கடப்பாரை போடுவார்கள். மண்ணைக் காயவைத்து, இடித்து, சலித்து, அதோடு எரிமலைச் சாம்பலான மெல்லிய மணலைக் கலந்து பிசைவார்கள். இந்தச் சாம்பல் மணல் சேராவிட்டால் தீயில் பானை வெடித்துவிடும். பிசைந்த மண்ணிலிருந்து ஒரு அப்பம் தட்டி, ‘புக்கி’ என்று அவர்கள் சொல்லும் ஆழமில்லாத ஓட்டுத் தட்டில் வைப்பார்கள். அதுதான் பானையின் அடி. அப்புறம் மண்ணை உள்ளங்கையில் உருட்டி நீளத் திரியாக்கி, விளிம்பில் சுற்றிச் சுற்றி ஏற்றி, விரலால் கிள்ளி ஒட்டி, சுரைக்குடுக்கைத் துண்டால் உள்ளும் புறமும் இழைத்துச் சுவரை மேலே இழுப்பார்கள். மரியாவின் கை வந்து நின்ற இடம் இது. சக்கரம் இல்லாமல், அளவுகோல் இல்லாமல், வெறும் கண்ணளவில் அவர் எழுப்பிய பானைகளின் வட்டம் அவ்வளவு சீராக இருக்கும். சுவர் மெல்லிசாக, கனம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கும்.

காய்ந்ததும் மேல்பரப்பைச் சுரண்டிச் சமமாக்கி, செம்மண் குழம்பைப் பல தடவை பூசுவார்கள். அந்த ஈரம் உலர்வதற்குள் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். இங்கேதான் பொறுமை. கல்லைப் பிடித்த கை ஒரே அழுத்தத்தில், ஒரே திசையில், கோடு கோடாக, ஒரு கோடு முன்கோட்டைத் தொட்டபடி நகர வேண்டும். நடுவில் எழுந்து போக முடியாது. பூச்சு காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் கீறல் விழும். அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். தேய்க்கிற கற்கள் பாட்டியிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று வருபவை. கண்ணாடி மாதிரி முகம் தெரிகிற அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டு, ஏதோ பீங்கான் மெருகு என்று பலர் நினைக்கிறார்கள். அதில் அப்படி எந்தப் பூச்சும் இல்லை. செம்மண், கல், கை, அவ்வளவுதான். மரியாவின் தங்கை கிளாரா இந்த மெருகு வேலையில் கெட்டிக்காரர். கூடவே இருந்து எத்தனையோ பானைகளுக்கு மெருகு போட்டவர் அவர். அந்தப் பானைகளின் அடியில் அவர் பெயர் இல்லை.

இந்த நிலையில் பானை சிவப்பாகத்தான் இருக்கும். அப்படியே சுட்டால் சிவப்புப் பானை. கறுப்பு வருவது சூளையில்.

சூளை என்றால் கட்டிய சூளை அல்ல. காற்றடிக்காத விடியற்காலையில், வெட்டவெளித் தரையில், இரும்புச் சட்டம் வைத்து அதன்மேல் பானைகளைக் கவிழ்த்து அடுக்குவார்கள். தீயும் வறட்டியும் நேராகப் படாமலிருக்கச் சுற்றிலும் தகரத் துண்டுகள். அடியில் ஜூனிப்பர் மரச் சிராய். சுற்றிலும் மேலேயும் காய்ந்த மாட்டுச்சாண வறட்டி. தீ ஏறி 700 டிகிரி செல்சியஸ் பக்கம் வரும்போது, பொடியாக உலர்த்தி வைத்திருந்த குதிரை லத்தியை மண்வெட்டி மண்வெட்டியாக அள்ளிக் குவியல் முழுவதும் கொட்டி மூடுவார்கள். எங்கே புகை கசிகிறதோ அங்கே இன்னும் கொஞ்சம். உள்ளே காற்று அற்றுப்போகும். அடைபட்ட புகையின் கரி பானையின் மேல்தோலுக்குள் இறங்கும். செம்மண்ணில் உள்ள இரும்பும் காற்றில்லாத சூட்டில் நிறம் மாறும். சாம்பலைக் கிளறிப் பானையை எடுத்துத் துடைத்தால் கறுப்பு.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான வித்தை அல்ல. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளின் உள்புறக் கறுப்புக்கும் காற்றை மறிப்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. கவிழ்த்துச் சுடும்போது வெளிப்புறத்துக்குக் காற்று கிடைத்துச் சிவக்கிறது, உள்புறம் அடைபட்டுக் கறுக்கிறது.

சான் இல்டிஃபோன்சோவில் லத்தியைக் கொட்டும் நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தினால் பானை வேகாது. சூடு அதிகமானால் கல்லால் போட்ட மெருகு செத்துவிடும். சீராக மூடாவிட்டால் பழுப்புத் திட்டுகள். பல நாள் வேலை சில நிமிடங்களில் போய்விடக்கூடும். தாழ்ந்த சூட்டில் சுடுவதால் இந்தப் பானையில் தண்ணீர் ஊற்றிவைக்க முடியாது. கசியும், மெருகும் கெடும். பார்க்கவும் போற்றவும்தான் இது ஆகும். புழங்குகிற பாண்டமாக இருந்தது காட்சிப் பொருளாக மாறியதை ஒரு இழப்பாக எண்ணுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனாமல் குடம் வந்த பிறகு தண்ணீர் சுமக்கும் வேலை மண்பானையிடமிருந்து ஏற்கெனவே போய்விட்டது. குயவருக்கு இன்னொரு வேலை வேண்டியிருந்தது, அதை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஜூலியனின் மங்கல் கறுப்பு

முழுக்கப் பளபளக்கும் கறுப்புப் பானைகளை மரியா செய்யத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் எப்படிப் படம் வரைவது? கறுப்பின்மேல் எந்த நிறமும் சுடும்போது நிற்காது. எல்லாமே கறுத்துவிடும். 1918, 1919 வாக்கில் ஜூலியன் கண்ட வழி, நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை வைத்து வரைவது. மெருகு போட்ட இடம் பளபளக்கும். மெருகின்மேல் மெல்லிய களிமண் குழம்பைத் தீட்டினால் அந்த இடம் சுட்ட பிறகு மங்கலான கறுப்பாக நிற்கும். கறுப்பின்மேல் கறுப்பு. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பானையைக் கொஞ்சம் திருப்பினால் கோலம் எழுந்து வரும்.

முதலில் பின்புலத்தை மங்கலாக்கி உருவத்தைப் பளபளப்பாக விட்டுப் பார்த்தார். அது நுணுக்கமான வேலை, நேரம் பிடித்தது. அப்புறம் மாற்றி, பானை முழுவதும் மெருகு போட்டு, உருவத்தை மட்டும் மங்கலாகத் தீட்டினார். வரைவதற்கு யுக்கா செடியின் இலை நாரை மென்று செய்த தூரிகை. அளவு குறிக்க மாட்டார். வளைவான பரப்பில் எத்தனை இறகு வரும் என்று கண்ணால் கணித்து, தொடங்கின இடத்தில் சரியாக வந்து முடிப்பார்.

அவர் அதிகம் வரைந்தவை இரண்டு. ஒன்று அவான்யு, கொம்புள்ள நீர்ப்பாம்பு. வறண்ட ஓடையில் திடீரென்று புரண்டு வரும் வெள்ளத்தின் உருவம் அது. மழைக்கு ஏங்கும் ஊரில் அதற்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று வட்டமாக விரியும் இறகு வரிசை. நியூ மெக்சிகோவின் தென்மேற்கில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மிம்ப்ரெஸ் மக்களின் கிண்ணங்களிலிருந்து எடுத்து, தட்டின் விளிம்பு முழுக்கப் பரவுகிற மாதிரி அவர் மாற்றியமைத்தார். பழையதை அப்படியே நகலெடுத்தார் என்று ஜூலியனைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்தக் கிண்ணங்களில் கறுப்பின்மேல் கறுப்பு இல்லை.

ஜூலியனைப் பற்றிப் பேசும்போது அவருடைய குடியையும் மறைக்க முடியாது. அது அந்த வீட்டைப் பல ஆண்டுகள் வாட்டியது. அவருக்கு வேலையும் வருமானமும் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதும் மரியா பானைத் தொழிலில் முழுமூச்சாக இறங்கியதற்கு ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். கலைஞர்களின் பாதை உள்ளொளியால் மட்டும் அமைவதில்லை. கணவனைக் குடிக்குப் போகாமல் நிறுத்த வேண்டும், பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்ற கவலையும் அதற்குள் இருக்கிறது.

அடியில் யார் பெயர்?

புவெப்லோ மரபில் பானையில் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. யார் செய்தது என்று ஊருக்குத் தெரியும், அதற்குமேல் எதற்கு? ஆனால் வாங்குபவர் நியூயார்க்கிலிருந்து வருகிறார். அவருக்குப் பெயர் வேண்டும். 1920களின் தொடக்கத்தில் மரியா பெயர் போடத் தொடங்கினார். மரியா என்பதைவிட மேரி வெள்ளைக்காரர்களுக்குப் பழக்கமானது என்று ‘மேரி’ ஆக்கினார்கள். பானை பெண்களின் தொழில் என்ற எண்ணத்தால் முதலில் ஜூலியன் பெயர் வரவில்லை. 1925க்குப் பிறகுதான் இரண்டு பெயரும் சேர்ந்து வந்தன.

அடுத்து நடந்ததுதான் இந்த நிகழ்விலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. பெயர் போட்ட பானைக்கு அதிக விலை கிடைப்பதை ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். எங்கள் பானையிலும் உன் பெயரைப் போட்டுக்கொடு என்று வந்து கேட்டார்கள். மரியா போட்டுக்கொடுத்தார். சான்டா ஃபேயில் இருந்தவர்கள் தெரிந்துகொண்டு பதறிப்போய், ஒரு கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று விளக்கி நிறுத்தச் சொல்லும்வரை இது நடந்தது.

இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் அந்த ஊரைப் புரிந்துகொள்ளவில்லை. மரியாவைப் பொறுத்தவரை பெயர் என்பது பண்டத்தோடு போகும் ஒரு உதவி. உப்பு கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத ஊரில், பெயர் கேட்டு வந்தவரை மட்டும் எப்படி அனுப்புவது? பெயரை மட்டும் அல்ல, செய்முறையையும் அவர் பூட்டி வைக்கவில்லை. மங்கல் கறுப்பு எப்படி வருகிறது என்பது 1920களின் நடுப்பகுதிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்த வித்தையாகிவிட்டது. ரகசியமாக வைத்திருந்தால் அவர்கள் வீடு இன்னும் பணக்கார வீடாக ஆகியிருக்கும். வைக்காததால் ஊரே பிழைத்தது. 1930களில் அமெரிக்காவையே உலுக்கிய பொருளாதார வீழ்ச்சியின்போது சான் இல்டிஃபோன்சோ வீடுகளுக்குக் காசு வந்த முக்கிய வழி பானை.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. கறுப்புப் பானைக்கு இருந்த கிராக்கியில் பல வண்ணப் பானை செய்வது ஊரில் குறைந்துபோனது. பெண்கள் கையில் பணம் புழங்கத் தொடங்கியதும் வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் அதிகாரம் இடம்மாறியதை அந்தக் காலத்து ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊர் வடக்கு, தெற்கு என்று இரு தரப்பாகப் பிரிந்து பல காலம் புகைந்தது. அதற்குப் பழைய காரணங்கள் பல. பானைப் பணமும் அந்தச் சூழலுக்குள்தான் வந்து விழுந்தது. எது நல்ல பானை என்பதை நிர்ணயிப்பதில் சான்டா ஃபேயின் வெள்ளைக்கார ரசிகர்களுக்கு இருந்த கையும் பெரிது. பழங்காலம் போல இருந்தால்தான் உண்மையான செவ்விந்தியப் பானை என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டே, பழங்காலத்தில் இல்லவே இல்லாத ஒன்றை ஜூலியனும் மரியாவும் செய்துவிட்டார்கள் என்பதை அந்த ரசிகர்கள் கவனித்தார்களா என்று யோசிப்பதுண்டு.

ஜூலியனுக்குப் பிறகு

1943இல் ஜூலியன் இறந்தார். அதே ஆண்டு, அவர் ஓட்டுச்சில்லு தோண்டிய பஹாரிட்டோ பீடபூமியில், லாஸ் அலமோஸில், அணுகுண்டு ஆய்வகம் எழுந்தது. சான் இல்டிஃபோன்சோவிலிருந்து பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். மாதச் சம்பளம் ஊருக்குள் பரவலாக வந்தது அப்போதுதான்.

மரியாவுக்கு வரைகிற கை போய்விட்டது. அவர் தானே வரையத் தொடங்கவில்லை. மூத்த மகன் ஆடமின் மனைவி சான்டானா அந்த இடத்துக்கு வந்தார். மருமகள் வரைந்தார், ஆடம் மண் வெட்டவும் சூளை வைக்கவும் நின்றார். 1956 வரையிலான பானைகளில் மாமியார், மருமகள் பெயர்கள் சேர்ந்தே இருக்கின்றன. அப்புறம் இன்னொரு மகன் போபோவி டா. ஓவியம் படித்தவர். ஊரிலேயே 1948இல் ஒரு கலைக்கூடக் கடை தொடங்கியவர். அவர் வந்த பிறகு பானை மறுபடி மாறியது. நின்றுபோயிருந்த பல வண்ணப் பானையை மீட்டார். ஒரே பானையில் கறுப்பும் செம்பழுப்பும் வருகிற மாதிரி இருமுறை சுட்டார். துப்பாக்கி உலோகம் போன்ற ஒரு பளபளப்பைக் கொண்டுவந்தார். 1959 முதல் பெயரோடு மாதத்தையும் ஆண்டையும் போட்டார். அதனால் இந்தக் காலத்துப் பானைகளுக்கு வயது கணிக்கச் சிரமமே இல்லை. மரியா எந்த ஓவியமும் இல்லாமல் மெருகு மட்டும் போட்ட பானைகளும் செய்தார். அவற்றில் தன் டேவா பெயரைச் சேர்த்து ‘மரியா போவேகா’ என்று எழுதினார். அவருடைய கையை மட்டும் தனியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் தேட வேண்டியது இந்தப் பானைகளைத்தான். வளைவிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது.

1952இல் இங்கிலாந்துக் குயவர் பெர்னார்ட் லீச், ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடா, ஜப்பானியக் கைவினைச் சிந்தனையாளர் யனகி சோயெட்சு மூவரும் அமெரிக்கப் பயணத்தின்போது சான் இல்டிஃபோன்சோ வந்து மரியாவைச் சந்தித்தார்கள். கைவினை என்றால் என்ன என்று உலகத்துக்கு எழுதியும் பேசியும் வந்தவர்கள் அவர்கள். மரியா எழுதவில்லை. பல பல்கலைக்கழகங்களும் அமைப்புகளும் அவருக்குப் பட்டமும் பதக்கமும் தந்தன. அவர் திரும்பி வந்து மண் பிசைந்தார்.

போபோவி டா 1971இல், ஐம்பது வயதையொட்டி இறந்தார். அதையொட்டி மரியாவின் பானைகளும் நின்றன. மரியா 1980இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில் காலமானார். போபோவியின் மகன் டோனி டா, பாட்டி வீட்டிலேயே தங்கித் தொழில் கற்றவர். பானையில் நீலப் பச்சைக் கல்லைப் பதித்து, கரடி உருவங்கள் செய்து, பாட்டியின் பானையிலிருந்து வெகுதூரம் போனார். அப்புறம் பானையை விட்டுவிட்டு ஓவியத்துக்கே போய்விட்டார். வீட்டில் யாரும் அதை மரபுக்குச் செய்த துரோகமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த வீட்டு வழக்கமே அதுதான். ஜூலியன் தன் முன்னோர் வரைந்த மாதிரி வரையவில்லை, போபோவி ஜூலியன் மாதிரி செய்யவில்லை.

சான்டானா, மரியாவுக்குப் பிறகும் பல ஆண்டுகள் பானை செய்தார். ஆடம் பெயரும் சான்டானா பெயரும் சேர்ந்த பானைகள் இருக்கின்றன. இன்று ஏல விடுதிகளில் மரியா, ஜூலியன் பெயரிட்ட ஒரு தட்டு பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ‘மரியா’ மட்டும்தான். அருங்காட்சியகக் குறிப்புச் சீட்டுகள் இப்போது மெல்ல மாறிவருகின்றன. வனைந்தவர் மரியா, வரைந்தவர் ஜூலியன் என்று பிரித்து எழுதுகிறார்கள். மெருகு போட்ட கிளாராவுக்கும், விடியலில் லத்தி கொட்டிய ஆடமுக்கும் அந்தச் சீட்டில் இன்னும் இடம் வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் சான்டா ஃபே சந்தையில் சான் இல்டிஃபோன்சோ குயவர்கள் கடை போடுகிறார்கள். அவர்களில் மரியாவின் வழிவந்தவர்களும் உண்டு, அன்று மரியாவிடம் கையெழுத்துக் கேட்டு வந்த பெண்களின் ஊர்க்காரர்களும் உண்டு. பானையின் அடியில் அவரவர் பெயர் இருக்கிறது.